பேய் நாவல்களை நம்பி நான் பார்த்த வீடு

நான் படித்த பேய்ப் புத்தகங்களில் பாதிக்கு மேல் எனக்குத் தலைப்பும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்தவை அவை. அட்டை கிழிந்துபோனால் கடைக்காரர் காக்கி அட்டை ஒட்டித் தைத்து, முதுகில் ஓர் எழுத்தும் எண்ணும் போட்டுவிடுவார். கு என்றால் குடும்பக் கதை. து என்றால் துப்பறியும் கதை. பே என்றால் பேய். கிழிந்த அட்டையோடு முதல் இரண்டு மூன்று தாள்களும் போயிருக்கும். அதனால் எனக்கு எல்லாமே பே-14, பே-31 என்றுதான் பழக்கம். வெளிநாட்டுக் கதையை யாரோ தமிழுக்குக் கொண்டுவந்ததா, ஏற்காட்டுப் பங்களாவில் நடக்கும் நம்மூர்க் கதையா என்பதே நாலு பக்கம் போன பிறகுதான் தெரியும். வெளியே பனி கொட்டினால் வெளிநாடு. சமையல்காரர் துண்டை உதறித் தோளில் போட்டால் நம்மூர்.

எல்லாம் ஒரே காக்கி நிறத்தில் இருப்பதால், படித்ததையே மறுபடி எடுத்துக்கொண்டு போய்விடுவோம். அதற்காக ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தில் ஓர் அடையாளம் வைத்திருப்போம். ஒருவர் ஐம்பதாம் பக்க எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார். ஒருவர் முப்பத்து மூன்றில் நட்சத்திரம். நான் இருபத்தொன்றுக்குக் கீழே ஒரு புள்ளி. பின் அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் அபிப்பிராயம் எழுதுகிறவர்களும் உண்டு. "சுமார்." "முடிவு சப்பை." "நூறு பக்கம் பொறுத்தால் நல்லா இருக்கும்." நான் மட்டும் நீளமாக எழுதுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். பரீட்சைத் தாளில் எழுத வேண்டியிருந்ததை எல்லாம் அங்கே எழுதினேன் போலிருக்கிறது. "மாடிப்படி வரும் இடத்தில் ஜாக்கிரதை." "நெஞ்சு வலி உள்ளவர்கள் எடுக்க வேண்டாம்." "இதில் ஒரு குழந்தை சாகிறது, பக்கம் 112."

ஒருநாள் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, நீ எழுதி வெக்கறத பாத்துட்டு நாலு பேரு புக்க அப்டியே வெச்சிட்டுப் போறாங்க. நீ படிக்க வரியா, என் பொழப்ப கெடுக்க வரியா?"

"பயந்துடுவாங்களேன்னுதான் சார்."

"பயப்படறதுக்குத்தாம்மா துட்டு குடுத்து எடுத்துனு போறாங்க."

அவர் சொன்னது நியாயம். ஆனாலும் எச்சரிக்காமல் இருக்க என்னால் முடியாது. என் சுபாவம் அது. நான் இருப்பது பொழிச்சலூரில். தலைக்கு மேலே விமானம் இறங்கிக்கொண்டே இருக்கும். இத்தனை வருடமாகியும் ஒவ்வொரு விமானமும் கூரையைத் தாண்டிப் போகிறவரை ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். புடவைக்கு ஃபால்ஸ் தைப்பதும் ரவிக்கைக்குக் கொக்கி கட்டுவதும்தான் என் தொழில். வெளியே கிளம்பினால் கேஸை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து இரண்டு தடவை திரும்பி வருவேன். தங்கச்சி போனை எடுக்கவில்லை என்றால் மூன்றாவது மணி அடிப்பதற்குள் அவளுக்கு என்னென்ன ஆகியிருக்கும் என்று வரிசையாக என் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்டவள் எதற்குப் பேய்க் கதை படிக்கிறாள் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். என் பயத்துக்கு முகம் கிடையாது. எதற்குப் பயப்படுகிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. புத்தகத்தில் அப்படியில்லை. இன்ன அறை, இன்ன நேரம், இன்ன ஆள் என்று அங்கே பயத்துக்கு விலாசம் இருக்கிறது. அந்த விலாசத்துக்குப் போகாமல் இருந்தால் போதும். முந்நூறு பக்கம் வேறு யாரோ எனக்காகக் கவலைப்படுகிறார்கள் என்பது பெரிய ஓய்வு.

அதற்காக எல்லாவற்றையும் நல்லதென்று சொல்லமாட்டேன். பழைய வெளிநாட்டு நாவல்களில் எனக்குப் பெரிய குறை உண்டு. மூடுபனிக்கே பத்துப் பக்கம் செலவழிக்கிறார்கள். எங்கள் பக்கம் போகி அன்றைக்கு டயர் எரித்த புகையைத் தவிர வேறு மூடுபனி இல்லை. இன்னொன்று, அந்த ஆட்கள் ஓயாமல் கடிதமும் நாட்குறிப்பும் எழுதுவார்கள். வெளியே ஏதோ கதவைப் பிறாண்டுகிறது, உள்ளே இவர் 'பிறாண்டும் சத்தம் கேட்கிறது' என்று எழுதிக்கொண்டிருப்பார். எழுந்து ஓடமாட்டாரா? ரத்தம் குடிக்கும் பிணங்களைப் பற்றி எழுதினவர்கள் எங்கள் தெருவில் ஒரு வாரம் சாயங்காலம் உட்கார்ந்திருந்தால் எழுதுவதையே விட்டிருப்பார்கள். கொசு அதைவிட ஒழுங்காக வேலை செய்கிறது.

நம்மூர்ப் பங்களாக் கதைகளில் வேறு குறை. வெள்ளைப் புடவை வரும், கொலுசுச் சத்தம் வரும், கடைசி அத்தியாயத்தில் எல்லாம் சொத்துக்காகச் சித்தப்பா செய்த ஏற்பாடு என்று முடித்துவிடுவார்கள். பேய் இல்லை என்றதும் நான் நிம்மதியடைய வேண்டும்தானே? இல்லை. சித்தப்பாக்களுக்கு நான் ஏற்கெனவே பயந்துகொண்டுதான் இருக்கிறேன். அதற்கு எதற்குப் புத்தகம்?

சிறுகதைதான் என் கட்சி. பயம் முப்பது பக்கத்துக்கு மேல் நிற்காது. பே-31இல் ஒரு கதை. மலைமேல் ஒரு விடுதி. தங்கியிருப்பவர்களின் செருப்புகளை விடிகாலையில் துடைத்து வைப்பது வேலைக்காரனின் வேலை. தினமும் ஒரு ஜோடி அதிகமாக இருக்கும். அவ்வளவுதான் கதை. பேய் வரவே வராது. துடைக்கிறவன் ஒருநாள் அந்தச் செருப்பைப் போட்டுப் பார்க்கிறான், அளவு சரியாக இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எங்கள் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணாமல் என்னால் ஒரு மாதம் உள்ளே வர முடியவில்லை.

இத்தனை புத்தகத்தில் நான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பேய்க் கதைகளில் கெட்டது எப்போதும் மேலேதான் இருக்கும். பூட்டிய மாடி அறை, பரண், கடைசிப் படி, விட்டத்துக் கொக்கி. கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு மேலே யாரோ நடக்கும் சத்தம் கேட்கும். மேலே ஏறாதவரை ஒன்றும் ஆகாது. ஏறினால் போயிற்று. அந்த நாயகர்களிடம் எனக்கு மரியாதையே கிடையாது. 'காற்றாக இருக்கும்' என்று சொல்லிக்கொண்டே ஏறுவார்கள். என்னை மாதிரி ஒருத்தி அந்த வீட்டில் இருந்தால் நாலாம் பக்கத்தில் சாமான்களைக் கட்டிக்கொண்டு இறங்கியிருப்பாள், கதையும் முடிந்திருக்கும். எல்லா நாவலுக்கும் பின் அட்டையில் இதைத்தான் வேறு வேறு வார்த்தையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்தப் பாடத்தை வைத்து நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்வதற்காகச் சொல்கிறேன்.

தங்கச்சி என்னைவிடப் பத்து வயது சின்னவள். அம்மா படுக்கையில் விழுந்தபோது அவளுக்கு மூன்று வயது. அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் எட்டாவதில் நின்றேன். அம்மா எழுந்திருக்கவே இல்லை. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அவளுக்கு நன்றாகவே அமைந்தது. மாப்பிள்ளை ஏ.சி. மெக்கானிக், அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் குழந்தை தங்கவில்லை. இரண்டு தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிற்று. மூன்றாவது தடவை ஐந்தாம் மாதத்தைத் தாண்டியது. நான் தினமும் காலையில் போன் செய்து "அசையுதா?" என்று கேட்பேன். "நீ கேக்கறதுக்குள்ள எட்டி ஒதைக்குதுக்கா, உன்ன மாதிரியே அவசரம்" என்பாள்.

அந்த நேரத்தில்தான் பம்மலில் அவர்கள் இருந்த வீட்டின் சொந்தக்காரர், மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வீடு மாறக் கூடாது என்பார்கள். நானும் அதை நம்புகிறவள். கெஞ்சிப் பார்த்தோம், நடக்கவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை அதிகமும் வண்டலூர், கூடுவாஞ்சேரிப் பக்கம். கூடுவாஞ்சேரிக்கு முன்னாடியே பழைய ஏரிக்கரையை ஒட்டி ஒரு லேஅவுட்டில் வீடு இருப்பதாகத் தரகர் சொன்னார். மூன்று பேரும் பார்க்கப் போனோம். எனக்கு வேறு எதுவும் முக்கியமில்லை. இந்தப் பிள்ளை இந்தத் தடவை நிற்க வேண்டும், அதற்கு அந்த வீட்டில் ஒரு கெடுதலும் இருக்கக் கூடாது. அதுதான் என் மனசில்.

கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். வெளிப்பக்கமாகப் படி. இரண்டும் காலி, வாடகையும் ஒன்றுதான்.

"கீழ பாரு, மாடி ஏற வேணாம். மேல பாரு, காத்து பிச்சிக்கும். எது வோணுமோ எடுத்துக்கோ" என்றார் தரகர்.

தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். பால்கனியில் நின்று, "எனக்கு இதான்கா புடிச்சிகீது. துணி காயும் பாரு, சும்மா அப்பளம் மாதிரி" என்றாள்.

அப்போதுதான் தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு நின்ற எதிர்வீட்டுப் பெண் கீழேயிருந்து குரல் கொடுத்தாள். "மேல் வூடாம்மா பாக்கறீங்க? புள்ளத்தாச்சி வேற. போன தையில அந்த வூட்ல ஒரு பையன் ஃபேன்ல தொங்கிட்டான். எங்க வூட்டுக்காரருதான் கதவ ஒடச்சாரு."

தரகர் பாய்ந்தார். "உன்ன யாரும்மா கேட்டா? லாரி வந்துச்சா இல்லியா, அத்த பாரு!"

"சொல்லித்தான வுடணும். நாளைக்கு எங்களத்தான கேப்பாங்க?"

மாப்பிள்ளை ஃபேன் இல்லாத வெறும் கொக்கியை நிமிர்ந்து பார்த்தார். "பாவம், யாரு பெத்த புள்ளயோ. அவன் நம்மள இன்னா பண்ணப் போறான்?"

தங்கச்சி சிரித்தாள். "இத்த எங்க அக்காவ கேக்கணும். பேய்ல டிகிரி முடிச்சவ. சொல்லுக்கா, இங்க பேய் கீதா இல்லியா?"

தரகரும் சேர்ந்துகொண்டார். "ஓ, அக்கா மாந்திரீகமா? அப்ப என் வூட்டுக்காரிய ஒரு தபா வந்து பாருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருடம் படித்தது இன்றைக்குத்தான் உதவப் போகிறது என்று நிஜமாகவே நினைத்தேன். ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கம்தான், இருந்தாலும் எழுதுகிறேன்.

மேல் வீட்டை அறை அறையாகப் பார்த்தேன். ஜன்னல்கள் தாராளமாகத் திறந்தன. வெயில் தரையெல்லாம் விழுந்து கிடந்தது. ஒரு வாசனையும் இல்லை. கதவில் மட்டும் புதுப் பூட்டு. பிறகு கீழே இறங்கினேன். கீழ் வீடு இருட்டாக இருந்தது. ஈர வாடை அடித்தது. சுவரில் மார்பு உயரத்துக்குப் பழுப்பு எனாமல் பெயின்ட் புதிதாக அடித்திருந்தார்கள். அதற்கு மேலே சுண்ணாம்பில் உப்புப் பூத்திருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். பெயின்ட் எதற்காக அந்த உயரத்தோடு நிற்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. ஏரிக்கரையை ஒட்டிய வீட்டில் அது தண்ணீர் நின்ற உயரம் என்பது இப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் அன்றைக்குத் தேடியது செத்தவர்களை. கீழ் வீட்டில் யாரும் சாகவில்லை.

"மேல வேணாம். கீழயே எடுங்க" என்றேன்.

"படி ஏறக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லலக்கா. நடந்தா நல்லதுன்றாங்க."

"நான் சொல்றேன். அந்தக் கொக்கிக்குக் கீழ நீ படுக்கக் கூடாது."

"ஃபேன மாட்டிட்டா கொக்கி தெரியாது" என்றார் மாப்பிள்ளை, மெதுவாக.

"ரெண்டு தடவ போயிருக்கு. மூணாவது தடவ எதுனா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டேன். கேட்டது நான்தான்.

தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். பால்கனியைத் திரும்பி ஒருமுறை பார்த்தாள். "சரி வுடு. என்ன வளத்தவ நீ. நீ சொன்னா கீழயே இருந்துட்டுப் போறேன்" என்றாள்.

ஏழாம் மாதம் முடிகிற சமயம் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் விடிகாலையில் அவளே கூப்பிட்டாள். "அக்கா, வாசப்படி வரைக்கும் தண்ணி வந்துட்ச்சி. கட்டில் மேல ஒக்காந்துனுகீறேன். நீ பயப்படாத." அதற்குப் பிறகு போன் போகவில்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பல்லாவரம் வரைக்கும் நடந்தேன். ரயில் நின்றுவிட்டிருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்கள் வரிசையாகத் தண்ணீருக்குள் நின்றன. தாம்பரம் தாண்டினால் போக முடியாது என்று போலீஸ்காரர் திருப்பி அனுப்பினார். "எந்தங்கச்சி மாசமா இருக்கா சார்" என்றேன். "எல்லார் வூட்லயும் யாரோ கீறாங்கம்மா. படகு வருது, போ" என்றார். வாழ்நாள் முழுக்க நடக்காத விஷயங்களை எல்லாம் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு ஒன்றுமே கண்ணில் வரவில்லை. வெறுமையாக இருந்தது. நடந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

அங்கே நடந்ததை அவள் பிறகு சொல்லித்தான் தெரியும். தண்ணீர் கட்டிலைத் தொட்டதும் மாப்பிள்ளை அவளை அணைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். இடுப்பளவு. மேலே போக வெளிப்படி ஒன்றுதான் வழி. கீழ்ப் படிகள் நாலைந்து தண்ணீருக்குள் இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. அங்கேதான் அவள் கால் வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்தாள். அவர் தூக்கி நிறுத்தி, ஏற்றிக்கொண்டு போய், ஸ்பானரால் அந்தப் புதுப் பூட்டை உடைத்தார். யாரும் வாடகைக்கு வராமல் பூட்டியே கிடந்த மேல் வீட்டில், அந்தக் கொக்கிக்குக் கீழே, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இருந்திருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பெண்ணின் குடும்பமும் அங்கேதான் வந்து சேர்ந்ததாம். மறுநாள் காலையில் வலி கண்டது. கோவளம் பக்கத்திலிருந்து மீனவர்கள் லாரியில் படகு ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பால்கனியிலிருந்து அவளைப் பெட்ஷீட்டில் வைத்து இறக்கினார்கள். "யம்மா, கண்ண மூடிக்கோ. கடல்லயே எங்களுக்கு ஒண்ணும் ஆவல, இந்தத் தெருவுலயா ஆவப் போவுது?" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தாராம்.

பெண் குழந்தை. அழவே இல்லை. விழுந்ததால்தான் என்று சொல்ல முடியாது, முன்பே ஏதாவது இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். எதனால் என்று தெரியாமலேயே போயிற்று. எனக்குத் தெரியும் என்று ஒரு நாள் தோன்றும், தெரியாது என்று இன்னொரு நாள் தோன்றும்.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள்தான் என்னால் ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்னைத் திட்டுவாள், அடிப்பாள், எல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வழி முழுக்கத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன்.

"அந்த ரூம்ல ஒண்ணுமே இல்லக்கா" என்றாள். "நல்ல காத்து. நாங்க அத்தினி பேரும் அங்கதான் பொழச்சோம். படுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பையன்கிட்ட சொன்னேன், தம்பி, தண்ணி வடியற வரைக்கும் இருந்துட்டுப் போயிடறோம்னு."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை இன்றுவரை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான் நூலகத்துக்குப் போகவில்லை. மறுபடி போனபோது பே வரிசையைத்தான் எடுத்தேன், ஆனால் படித்த விதம் மாறிவிட்டது. முன்பு பயந்த இடங்களில் எல்லாம் எரிச்சல் வந்தது. இந்த எழுத்தாளர்கள் வீட்டைப் பற்றி இத்தனை எழுதினார்கள். தூண், தளம், கதவின் கீல், படியின் கிறீச் சத்தம். ஒருவராவது அந்த வீடு எந்த மண்ணில் நிற்கிறது, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று எழுதினாரா? அவர்கள் ஊர் வீடுகள் மேட்டில் இருக்கும் போலிருக்கிறது. எங்கள் பக்கம் செத்தவர்கள் சாதுவாக இருக்கிறார்கள். நாம் மேலே கட்டி உட்கார்ந்துகொண்ட ஏரிதான் சும்மா இருப்பதில்லை.

அதைவிடப் பெரிய பொய் ஒன்று அந்தப் புத்தகங்களில் இருக்கிறது. செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்கிறார்களே, அதைச் சொல்லவில்லை. வரட்டும், வராமல் போகட்டும். வந்தால் எல்லோரும் பயப்படுவார்கள் என்று எழுதுகிறார்களே, அதைச் சொல்கிறேன். நாவல் நாவலாகக் கதவைச் சாத்துகிறார்கள், தாழ்ப்பாள் போடுகிறார்கள், மேஜையை இழுத்து முட்டுக் கொடுக்கிறார்கள். வந்து நிற்பது யாரோ பெற்ற பிள்ளை என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. இதை எழுதியவர்கள் யாரையும் பறிகொடுக்காதவர்களா, அல்லது பறிகொடுத்துவிட்டுச் சொல்லத் துணியாதவர்களா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படி நினைக்க வைத்தது தங்கச்சிதான். அவர்கள் இப்போது மேடவாக்கத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறார்கள். வேறு குழந்தை இல்லை. மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு மத்தியானத்தில் எனக்குப் போன் செய்வாள். முன்பெல்லாம் என் புத்தகங்களைக் கேலி செய்தவள், ஒருநாள் அவளாகவே, "இன்னா படிச்ச? சொல்லு" என்றாள். நான் குடும்பக் கதை ஒன்றை ஆரம்பித்தேன். "அது வேணாம். பேய்க் கதை சொல்லு" என்றாள்.

முதலில் பயந்துபோய் மறுத்தேன். அப்புறம், அவள் எதற்குக் கேட்கிறாள் என்று புரிந்தது. ஒரு மத்தியானம் கரண்ட் இல்லை, மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் சொன்னாள், "நா கதவ தெறந்து வெச்சினு ஒக்காந்துனுகீறேன்கா. கொசு வருது, எதிர்வூட்டு ஆன்ட்டி வராங்க, கொரியர்காரரு வராரு. அது வரவே இல்ல. உன் புக்குல எல்லாம் எத்தினி நாள் ஆவும்?"

என் புத்தகங்களில் வேண்டாம் என்பவர்களைத் தேடித்தான் வருவார்கள். வேண்டும் என்று உட்கார்ந்திருப்பவளிடம் யாரும் வந்ததாக நான் படிக்கவில்லை.

போன வாரம் பே-52 எடுத்திருந்தேன். ஏதோ குளிர்ப் பிரதேசக் கதை. தொலைந்துபோன ஒரு சின்னப் பெண் பல வருடம் கழித்துச் சாயங்காலத்தில் வீட்டு வாசலுக்கு வருகிறாள். உள்ளே இருப்பவர்களுக்கு அவள் உயிரோடு இல்லை என்று தெரியும். தாய் கதவருகே போகிறாள். மற்றவர்கள் பிடித்து இழுக்கிறார்கள். கதவைத் திறக்காமலேயே விடிந்துவிடுகிறது. கதை அதோடு சரி. நன்றாக எழுதப்பட்ட கதைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் படித்து முடித்ததும் அந்தப் புத்தகத்தை அறையின் அந்தக் கோடிக்கு விட்டெறியலாம் போலிருந்தது.

மத்தியானம் அவள் கூப்பிட்டாள். எனக்குக் கதை கட்டத் தெரியாது, அதையே சொல்ல ஆரம்பித்தேன். பெண் வாசலில் வந்து நின்ற இடம்வரைக்கும் அப்படியே சொன்னேன். அங்கே நின்றுவிட்டேன்.

"அப்பறம்?" என்றாள்.

"கதவுகிட்ட அம்மா வந்தாங்க."

"தெறந்தாங்களா?"

விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சாக்காக வைத்து ஊசியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சத்தம் போன பிறகும் அவள் காத்திருந்தாள்.

"தெறந்தாங்க" என்றேன்.

"உள்ள கூப்ட்டாங்களா?"

"கூப்ட்டு ஒக்கார வெச்சாங்க. தல ஈரமா இருந்துச்சி, தொவட்டி வுட்டாங்க."

"நீ பொய் சொல்றக்கா. உன் புக்குல அப்டி வராது."

"இதுல வருது."

மேடவாக்கத்துத் தெருவில் தண்ணீர் லாரி பின்னால் எடுக்கும் சத்தம் போனில் கேட்டது.

"சாப்ட இன்னா குடுத்தாங்க?" என்றாள்.

"ரசம் சாதம்."

"கொழந்தைக்குக் காரமா இருந்திருக்குமே?"

"மொளகு கம்மியாத்தான் போட்டிருந்தாங்க" என்றேன்.

"ம்" என்றாள். "அப்பறம்?"